ஸ்லோ நிற்காத புல்லட்

கார்பரேட்டரை முழுதாகச் செய்தாயிற்று என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்கள். மெயின் ஜெட் புதிது, ஸ்லோ ஜெட் புதிது, நீடில் புதிது, ஃப்ளோட் புதிது, பேக்கிங், ஓ-ரிங் எல்லாமே புதிது. பில்லில் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது. வண்டியும் ஒரே உதையில் பிடிக்கிறது. நாலாவது கியரில் மேம்பாலம் ஏறும்போதுகூட முக்காமல் முனகாமல் இழுக்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இரண்டு துடிப்பு, மூன்று துடிப்பு, அத்தோடு சரி. அணைந்துவிடுகிறது.

வேறு எந்த வண்டி இப்படிச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இது புல்லட். 1990களில் திருவொற்றியூரில் செய்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய 350. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, கனத்த ஃப்ளைவீல், தணிந்த கம்ப்ரஷன். பறப்பதற்காகச் செய்த என்ஜினே இல்லை. நின்ற இடத்தில் நிதானமாகத் துடித்துக்கொண்டிருப்பது அதன் பிறவிக் குணம். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு யார் வருகிறார் என்று தெரிந்துவிடும் என்பார்களே, அந்தப் பெயரெல்லாம் இந்த ஸ்லோவால் வந்ததுதான். அதுவே நிற்கவில்லையென்றால் இந்த வண்டியை வைத்திருப்பதில் என்ன இருக்கிறது?

சிக்னலில் அணைந்தால் என்ன பாடு என்பது பட்டன் ஸ்டார்ட் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. என் வண்டியில் செல்ஃப் கிடையாது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மூன்றில் உருண்டு வந்து நிற்கும்போது அணைந்தால், முதலில் நியூட்ரல் ஃபைண்டரைக் குதிகாலால் மிதிக்க வேண்டும். பிறகு கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வந்ததும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கர் மேலே வந்த பிறகுதான் முழு உதை. இதற்குள் பச்சை விழுந்து, பின்னால் நிற்கும் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரனில் கை வைத்தாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் நிற்கிறார்கள். ஆனால் நான் செய்யச் சொல்லிக் காசு கொடுத்த வேலை அதே வெயிலில் ஒவ்வொரு சிக்னலிலும் காலை வாருகிறதே, அதை யாரிடம் சொல்வது?

பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனால், அங்கே வேலை பார்க்கும் பையன் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு திருகு திருகுகிறான். என்ஜின் சத்தம் ஏறுகிறது. "இப்போ நிக்குது பாருங்க சார். ஸ்லோவை ஏத்தி விட்டுட்டேன்." பட்டறைக்காரர் இன்னொரு வண்டிக்கு அடியிலிருந்தே குரல் கொடுக்கிறார். "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார். எல்லாம் புதுசு போட்டிருக்கு."

இந்த 'ஏத்தி விட்டுட்டேன்' என்பதைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த ஸ்டாப் ஸ்க்ரூ செய்வது ஒரே வேலைதான். உள்ளே இருக்கும் ஸ்லைடை முழுதாக இறங்கவிடாமல் தூக்கிப் பிடிக்கும். ஸ்லோவுக்குக் கார்பரேட்டரில் தனி வழி இருக்கிறது. ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது அதற்கு அந்தப் பக்கம், அதாவது என்ஜின் பக்கம், உறிஞ்சல் பலமாக இருக்கும். அந்த உறிஞ்சல்தான் ஃப்ளோட் கப்பிலிருந்து ஸ்லோ ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. ஏர் ஸ்க்ரூ பக்கமிருந்து வரும் காற்றோடு அது கலந்து, ஸ்லைடுக்கு அப்பால் உள்ள ஒரு நுண்ணிய துளையில் வெளிப்படுகிறது. ஸ்லைடின் விளிம்பை ஒட்டி அதே மாதிரி இன்னொரு துளை. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருப்பும்போது வண்டி திக்காமல் எடுப்பது இந்த இரண்டாவது துளையின் புண்ணியம். பழைய புல்லட்டில் வரும் மிக்கார்ப் விஎம்24 கார்பரேட்டரில் ஸ்லோ என்றால் இவ்வளவுதான்: ஒரு ஜெட், ஒரு காற்று வழி, இரண்டு துளை.

ஸ்லைடைத் தூக்கி வைத்துவிட்டால் இந்தத் தனி வழி முழுதும் அடைத்துக் கிடந்தாலும் தெரியாது. நடுவில் நீடிலைச் சுற்றியுள்ள பெரிய வழியாகப் பெட்ரோல் வந்துவிடும். பட்டறை வாசலில் வண்டி நிற்கும். மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில் மறுபடி அணையும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறினால் கையை எடுத்த பிறகும் வேகம் இறங்காமல் அடம்பிடிக்கும். நெரிசலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் என்ஜின் பிடித்து வேகத்தைக் குறைக்கும் என்று நம்பித்தான் ஓட்டுகிறோம். அது நடக்காவிட்டால் முன்னால் போகிறவர் மேல் போய்த்தான் நிற்க வேண்டும். இது ஏதோ சின்ன அசௌகரியம் என்று நினைப்பவர்கள், டிரம் பிரேக் வைத்த, 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டியை இந்த நிலையில் மார்க்கெட் தெருவில் ஓட்டிப் பார்க்கட்டும்.

கார்பரேட்டர் தன் நோயைத் தானே சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை. சோக் லீவரைப் பாதி போட்டால் என் வண்டி நின்றது, எடுத்தால் அணைந்தது. சோக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் வழி. அது இருந்தால் நிற்கிறது என்றால், ஸ்லோவில் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ வேண்டாத காற்று புகுகிறது. இரண்டில் ஒன்று. அடுத்தது ஏர் ஸ்க்ரூ. அதை அழுத்தாமல் முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறப்பது ஆரம்ப நிலை. சூடான என்ஜினில் அங்கிருந்து கால் கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பினால் ஓரிடத்தில் துடிப்பு ஏறிச் சீராகும். அந்த இடத்தில் விட்டுவிட்டு ஸ்டாப் ஸ்க்ரூவை இறக்குவதுதான் டியூனிங். இந்தக் கார்பரேட்டரில் ஸ்க்ரூ காற்றை அளப்பது. மூடினால் காற்று குறைந்து பெட்ரோல் ஓங்கும். பெட்ரோல் கலவையை அளக்கும் ஸ்க்ரூ வைத்த கார்பரேட்டர்களும் உண்டு, அவற்றில் நேர்மாறு. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே பக்கம் திருப்புகிற கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் வண்டியில் ஏர் ஸ்க்ரூவை முழுதும் மூடினாலும் மாற்றமில்லை, இரண்டு சுற்று திறந்தாலும் மாற்றமில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரம் பேச முடியாது. ஸ்லோ வழி செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பையனும் இதைப் பார்த்தான். திருப்பினான், ஒன்றும் ஆகவில்லை, உடனே கை அடுத்த ஸ்க்ரூவுக்குப் போய்விட்டது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த இடத்தில் நின்று யோசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாவம், அவன் என்ன செய்வான்.

கடைசியில் வீட்டில் வைத்து நானே கழற்றினேன். கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, நல்ல வெளிச்சம், கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி கட்டாயம், அந்தத் திரவம் எந்தத் துளையிலிருந்து எந்தப் பக்கம் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது. ஃப்ளோட் கப்பை எடுத்து, பளபளவென்றிருந்த புது ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த துளைக்குள் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடித்தேன். நியாயமாக மூன்று இடத்தில் வெளியே வர வேண்டும்: ஏர் ஸ்க்ரூ துளை, ஸ்லைடு விளிம்புத் துளை, அதற்கு அப்பால் உள்ள துளை. ஏர் ஸ்க்ரூ பக்கம் வந்தது. விளிம்பில் கசிந்தது. மூன்றாவதில் ஒரு சொட்டு இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால் துளையின் வாயில் வெள்ளையாக, சுண்ணாம்பு பூத்தது போல ஒரு படிவு. பக்கத்தில் புது ஓ-ரிங், புது பேக்கிங், புது ஃப்ளோட். காசு கொடுத்து வாங்கக்கூடிய அத்தனையும் மாற்றியிருக்கிறார்கள். எந்தக் கடையிலும் விற்காத அந்தத் துளையை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

என் ஆதங்கம் முழுதும் இந்த ஒரு இடத்தில்தான். கார்பரேட்டர் செய்வது என்றால் கிட் மாற்றுவது என்று ஆகிவிட்டது. கிட் பொட்டலத்தைப் பிரித்து அதில் உள்ளதையெல்லாம் போட்டு மூடினால் வேலை முடிந்த கணக்கு. ஸ்லோ நிற்பது கிட்டில் இல்லாத விஷயங்களால்: பாடிக்குள் ஓடும் வழிகள், ஸ்லைடின் தேய்மானம், ஃப்ளோட் மட்டம், என்ஜினோடு சேரும் முகம். இவற்றைப் பார்க்க நேரம் ஆகும். நேரத்துக்குப் பில் போட நம் ஊரில் வழக்கமில்லை. பொருளுக்குத்தான் பில். ஜெட் மாற்றினேன் என்றால் எழுதலாம், துளை திறந்திருக்கிறதா என்று அடித்துப் பார்த்தேன் என்று எழுத இடமில்லை. அதனால் பார்ப்பது நின்றுபோய் மாற்றுவது மட்டும் மிச்சமாகிவிட்டது.

இதைப் பட்டறைக்காரரிடமே சொன்னேன். நேரத்துக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பாருங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ரெண்டு மணி நேரம் உக்காந்து ஓட்டைய சுத்தம் பண்ணேன்னு நான் பில்லு போட்டா, எவன் சார் குடுப்பான்? என்னத்த மாத்துனேன்னுதான் கேப்பாங்க. பழசைக் கையில குடுன்னு சொல்லுவாங்க." அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டிக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் காசு எடுத்துக்கொண்டு நான் எதிரில் நிற்கிறேனே, எனக்காவது செய்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை.

துளை திறக்க ஒரு இரவு கிளீனரில் ஊறப்போட்டு, மறுநாள் என்ஜின் பக்கமிருந்து, பிறகு ஜெட் பக்கமிருந்து என்று மாற்றி மாற்றிக் காற்றடித்ததில் வழி விட்டது. கம்பி விடவில்லை. கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்து ஸ்லோ ஜெட்டுக்குள் விட்டுக் குடைவது பட்டறைக்குப் பட்டறை நடக்கிறது. அந்த ஜெட்டின் துளை சுமார் 0.25 மில்லிமீட்டர். ஜெட் பித்தளை, கேபிள் எஃகு. குடைந்து 0.30 ஆக்கிவிட்டால் துளையின் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. அடைப்பு போய்விட்டது என்று சந்தோஷப்படும் நேரத்தில் ஜெட்டே போய்விட்டது. அதன் பிறகு பிளக் கரியாகிறது, மைலேஜ் விழுகிறது, அதற்கு வேறு காரணம் தேட ஆரம்பிக்கிறார்கள்.

சரி, கிட்டில் வருகிற பொருளாவது யோக்கியமானதா? எனக்கு வந்த ஸ்லோ ஜெட்டில் எண் பொறித்திருந்தது. பழைய ஒரிஜினல் ஜெட்டிலும் அதே எண். இரண்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புதியதன் துளை வட்டமாகவே இல்லை, ஓரத்தில் பிசிறு நிற்கிறது. புது நீடில் வால்வு பழையதைவிட மயிரிழை நீளம். நீடில் நீண்டால் ஃப்ளோட் சீக்கிரமே பெட்ரோலை அடைத்துவிடும், கப்பில் மட்டம் தாழ்ந்துவிடும், தாழ்ந்த மட்டத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்க ஸ்லோவின் மெல்லிய உறிஞ்சல் போதாது. கார்பரேட்டரைக் கவிழ்த்து வைத்து ஃப்ளோட் கை பாடியின் முகத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்ப்பது கண்ணால் ஒரு நொடியில் முடிகிற வேலை. அதுவும் நடக்கவில்லை. பெட்டியின் மேல் ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறது, 'ஜென்யூன்' என்று போட்டிருக்கிறது, உள்ளே இருப்பதை எவரும் அளந்ததாகத் தெரியவில்லை. கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், பாக்கெட் பிரித்தால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். பிரிக்காமல் ஜெட்டின் துளையை எப்படிப் பார்ப்பது?

பழைய ஜெட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போட்டேன். பழைய நீடிலையும் போட்டேன். துளை திறந்தாயிற்று, மட்டம் சரி. இப்போது ஏர் ஸ்க்ரூ பேச ஆரம்பித்தது. திருப்பினால் துடிப்பு மாறியது. ஆனாலும் ஒரு சீரில் நிற்கவில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இப்படி அலைந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி கெட்டியாக கிரீஸ் தடவினேன். தடவிய மாத்திரத்தில் ஸ்லோ சீரானது. கொஞ்ச நேரத்தில் கிரீஸில் ஓரிடம் மட்டும் உள்ளே குழிந்து இழுபட்டது. அந்த இடம்தான்.

கழற்றி, முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. இரண்டு பக்கம் இரண்டு ஸ்டட், இரண்டு நட்டு. காற்று இழுக்கக் கூடாது என்று ஒவ்வொரு கையும் நட்டை இறுக்கி இறுக்கி, மெத்தென்ற அந்த உலோகம் இரண்டு காதுப் பக்கமும் வளைந்து நடுவில் தூக்கிவிட்டது. இறுக்க இறுக்க ஓட்டை பெரிதாகிறது. இது நேற்று வந்த வளைவு இல்லை, வருஷக்கணக்கானது. இதன் மேல் புது ஓ-ரிங்கும் புது பேக்கிங்கும் வைத்து மறுபடி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஜீரோ உப்புத்தாளை விரித்து, சொட்டு எண்ணெய் விட்டு, முகத்தை வட்ட வட்டமாகத் தேய்த்தால் சரியாகிற விஷயம். தேய்க்கத் தேய்க்க முதலில் இரண்டு காதும் மினுங்கும், நடு கறுப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்பு மெல்லச் சுருங்கிச் சுருங்கி மறைந்து முகம் முழுதும் ஒரே நிறமாகும்வரை பொறுமை வேண்டும். அதன் பிறகு நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஸ்பேனரின் கழுத்தருகே பிடித்து, அளவாக இறுக்கினால் போதும்.

இதற்கு நடுவில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பட்டறையில் என்ஜினை இறக்கணும் என்றார்கள். போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, வால்வு மாற்றி, ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். கார்பரேட்டர்தான் புதுசு மாதிரி ஆயிடுச்சே, அப்போ கோளாறு என்ஜினில்தான் என்பது அவர்கள் கணக்கு. பிஸ்டனில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை எத்தனை இருக்கின்றன! பாயிண்ட் இடைவெளி 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, முகம் தீய்ந்திருக்கிறதா, கண்டென்ஸர் தாங்குகிறதா. டேப்பெட் சரியா. இந்த என்ஜினில் குளிர்ந்த நிலையில் புஷ்ராடு மேலும் கீழும் ஆடக் கூடாது, விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சூட்டோடு சூடாக டைட் வைத்தால் ஸ்லோ எப்படி நிற்கும்? டிகம்ப்ரஸர் கேபிள் கொஞ்சம் இழுபட்டு நின்றாலே அந்த வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். இவையெல்லாம் என் வண்டியில் சரியாகத்தான் இருந்தன. ஆனால் என்ஜினை இறக்கச் சொன்னவர் இவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும், பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு துளை அடைப்புக்கும் ஒரு வளைந்த முகத்துக்கும் ஒரு நல்ல என்ஜினைப் பிரித்துப் போடத் துணிகிறார்களே என்று வயிறு எரிகிறது. கம்பெனியில் முதல்முதலாகப் பூட்டியபடி முப்பது வருஷமாக இருக்கிற ஒரு என்ஜினை ஒருமுறை பிரித்தால், மறுபடி அந்தப் பொருத்தம் சுலபத்தில் வருவதில்லை.

அந்த வெள்ளைப் படிவு எங்கிருந்து வந்தது என்றும் பேச வேண்டும். கார்பரேட்டர் பாடி துத்தநாகக் கலவை. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் வண்டி நின்றால் கப்பில் கிடக்கும் பெட்ரோல் ஈரம் குடித்து உலோகத்தை அரிக்கும், அரித்தது வெள்ளையாகப் பூத்து, இருப்பதிலேயே சின்னத் துளையில் போய் உட்காரும். பழைய ரப்பர் பாகங்கள் உப்பும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பது 2030-க்குள் எட்டுவதாக வைத்திருந்த இலக்கு. முன்னால் இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். கரும்பு விவசாயிக்கு வருமானம், அந்நியச் செலாவணி மிச்சம் என்று சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்கேற்பச் செய்திருக்கிறார்கள், சந்தோஷம். அதற்கு முன்னால் வந்த வண்டிகள் இந்த நாட்டில் எத்தனை கோடி! அவற்றை ஓட்டுகிறவர்களிடம் யார் என்ன சொன்னார்கள்? எந்த ரப்பரை மாற்ற வேண்டும், எந்த ஜெட் போட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு உண்டா?

ஜெட் மாற்ற வேண்டியிருப்பதும் உண்மை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டரில் துளையின் அளவுதான் கணக்கு, அது கலப்பில்லாத பெட்ரோலுக்கு என்று போட்ட கணக்கு. வேகமாக ஓடும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஸ்லோவில்தான் முதலில் காட்டும், ஏனென்றால் அங்கே வருவதே சொற்பம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததோடு புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்பரேட்டர் கிட்டத்தட்ட விடைபெற்றது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்த பையன்கள் ஸ்கேனரை மாட்டி எரர் கோடு படிக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, காலம் அப்படி. ஆனால் சாலையில் ஓடுகிற பழைய வண்டிகளுக்கு ஐடிஐயிலாவது ஒரு கார்பரேட்டரைக் கழற்றி, வழிகளை அடித்துக் காட்டி, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி, 'கேள், என்ன சொல்கிறது' என்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டாமா?

இப்போது என் வண்டி நிற்கிறது. ஸ்டாப் ஸ்க்ரூவை இறக்கி, ஒவ்வொரு துடிப்பையும் காதால் பிரித்துக் கேட்கும்படி நிற்கிறது. ஏர் ஸ்க்ரூவை மட்டும் ஒன்றரைச் சுற்றுக்குப் பதில் அரைச் சுற்றுக்கு மூடி வைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு மூட வேண்டியிருந்தால் ஸ்லோ ஜெட் ஒரு எண் பெரிதாக வேண்டும் என்று அர்த்தம். இன்றைய பெட்ரோலுக்கு அதுதான் சரி. அந்த ஒரு ஜெட்டைத் தேடி ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எண்ணைச் சொன்னால் புரிந்துகொள்கிறவர்களே குறைவு. புரிந்தவர்களும் "தனி ஜெட் வராது சார், கிட்டா எடுத்துக்கோங்க" என்கிறார்கள். அந்தக் கிட்டில் இருப்பதும் அதே பழைய எண்தான், அதே பிசிறு விட்ட துளைதான். புதுப்பேட்டையில் பழைய கார்பரேட்டர்களைப் பிரித்து விற்கிற ஒருவர் மட்டும், டப்பாவில் தேடிப் பார்த்து எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.